செவி வழிச் சேரும் தமிழ்
சிறார்க்குக் கதை வாசித்துக் காட்டுதல் குறித்த ஒரு திறனாய்வு

சில மாதங்களுக்கு முன் உறவினர் வீடொன்றில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியிடம் தமிழ்க் கதைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். ஆங்கில வழிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பயில்பவள். வீட்டில் வாப்பா, உம்மா, உம்மம்மா என எல்லோரிடமும் வாயோயாமல் தமிழிலேயே பேசுபவள். எழுத்துகளை அவள் பெரும்பாலும் சரியாகவே கூட்டினாள். ஆனால் ஒரு பக்கத்தை முடிக்க நெடுநேரம் பிடித்தது. கதையில் என்ன நடந்தது என்று கேட்டபோது உதட்டைப் பிதுக்கினாள். அதே பக்கத்தை வாங்கி நிதானமாக நான் வாசித்துக் காட்டினேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். நான் நிறுத்தியதும், "பெறவு என்ன ஆச்சு மாமா?" என்று கேட்டாள்.

அவளுக்கு எழுத்துத் தெரியும், தமிழும் தெரியும். எனினும் தமிழ் நூல் ஒன்று அவளுக்கு மூடிய கதவாகவே இருந்தது. அடுத்தவர் குரலில் கேட்டபோது மட்டும் அக்கதவு திறந்தது. நம் காலத்தில் தாய்மொழிகளைப் பள்ளிச் சிறாரிடையே மீட்டெடுக்க வேண்டும் என்று பேசுவோரும், அதற்கெனக் கதை வாசிப்புத் திட்டங்களை வகுப்போரும் ஆழ்ந்து நோக்க வேண்டிய செய்தி இதனுள் இருக்கின்றது. அதனை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

நான்கு வேறு செயல்கள்

கதையையும் குழந்தையையும் இணைக்கும் முயற்சிகள் யாவும் இன்று "வாசிப்பு" என்ற ஒரே சொல்லால் சுட்டப்படுகின்றன. உண்மையில் இவை நான்கு வேறு செயல்களாகும். கதையை நம் வாய்மொழியில் சொல்லுதல் ஒன்று. குழந்தையை வாசிக்க வைத்தல் மற்றொன்று. குழந்தை தானே தனித்து, மனத்துக்குள் வாசித்தல் மூன்றாவது. நூலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் எழுதியுள்ளவாறே பெரியவர் ஒருவர் குழந்தைக்கு வாசித்துக் காட்டுதல் நான்காவது. முதல் மூன்றும் ஏதோ ஓர் அளவில் நடைபெறுகின்றன. நான்காவது அரிதாகிவிட்டது.

கதை சொல்லிகள் பள்ளிகளுக்கு வருகின்றனர், குழந்தைகள் மகிழ்கின்றனர். அது பயனுள்ள பணியே. ஆனால் அங்கே குழந்தை கேட்பது தான் ஏற்கெனவே அறிந்த பேச்சுத் தமிழை. மறுபுறம், குழந்தைகளின் வாசிப்புத் திறனை அளக்கும் ஆய்வுகள் பெருகியுள்ளன. 2005 முதல் வெளிவரும் 'அசர்' அறிக்கை இதற்கு நல்ல சான்று. குழந்தை எழுத்தை வாசிக்கின்றதா, சொல்லை வாசிக்கின்றதா, சிறு கதையொன்றை வாசிக்கின்றதா என்று அவ்வாய்வு படிப்படியாகச் சோதிக்கின்றது. நாட்டின் கல்வி நிலையை வெளிச்சமிட்டுக் காட்டியதில் அதன் பங்கு பெரிது. ஆயினும் அந்தக் குழந்தைக்கு இதுவரை எவரேனும் எதையேனும் வாசித்துக் காட்டினார்களா என்ற கேள்வியும் உடன் கேட்கப்பட வேண்டியதன்றோ? விதைக்காத நிலத்தில் விளைச்சலை அளந்து கொண்டிருக்கின்றோம்.

இரட்டை வழக்கும் மௌனமான எழுத்தும்

தமிழுக்கு இது ஏன் தனிச் சிக்கலாகின்றது? தமிழ் இரட்டை வழக்கு மொழி. பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வெகுதூரம் விலகி நிற்பவை. "போயிட்டான்" என்று கேட்டு வளர்ந்த குழந்தை "போய்விட்டான்" என்று நூலில் காண்கின்றது. "வேணும்" என்பது "வேண்டும்" ஆகின்றது; "வந்தாங்க" என்பது "வந்தார்கள்" ஆகின்றது. சொற்களின் வேறுபாடு ஒருபுறமிருக்க, வாக்கிய அமைப்பே வேறாகின்றது. எச்சங்களை அடுக்கி நீண்டு செல்லும் எழுத்துத் தமிழ் வாக்கியத்தின் இறுதியில்தான் வினைமுற்று வந்து பொருளை முடித்து வைக்கின்றது. அதுவரை பொருளைத் தாங்கிச் செல்லும் பயிற்சி செவிக்கு இருந்தால்தான் கண்ணால் அதனைத் தொடர முடியும்.

எழுத்தமைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. தமிழில் ஒரே ககரம் "பக்கம்" என்பதில் ஓர் ஒலியையும், "பங்கு" என்பதில் வேறோர் ஒலியையும், "பகல்" என்பதில் இன்னுமோர் ஒலியையும் பெறுகின்றது. இதற்கு விதி உண்டு; ஆனால் குழந்தை விதியைக் கொண்டு வாசிப்பதில்லை. முன்பே கேட்டறிந்த சொல்லை எழுத்தில் அடையாளம் காண்கின்றது. பிறமொழிச் சொற்களில் அவ்விதியும் துணை வருவதில்லை. "பாபு" என்பதன் முதல் எழுத்தை எவ்வாறு ஒலிப்பது என்று எழுத்து சொல்லாது. கேட்ட காதுதான் சொல்லும். ஒருபோதும் கேட்டிராத சொல்லை எழுத்துக் கூட்டி வாசிக்கும் குழந்தை, பொருளற்ற ஓசைகளைக் கோத்துக் கொண்டிருக்கின்றது.

முற்காலத்தில் எழுத்துத் தமிழை ஒலி வடிவில் குழந்தைகள் கேட்கும் வாய்ப்புகள் பல இருந்தன. வானொலிச் செய்தி, மேடைச் சொற்பொழிவு, வீட்டுப் பெரியவர் நாளிதழை உரக்க வாசித்தல் ஆகியன அவற்றுட் சில. இன்று தொலைக்காட்சியும் கைப்பேசியும் பேச்சு மொழியையே பெரிதும் வழங்குகின்றன. ஆங்கில வழிப் பள்ளிச் சிறாருக்கு எழுத்துத் தமிழின் ஓசை, தமிழ்ப் பாடவேளை ஒன்றில் மட்டும் கேட்பதாகச் சுருங்கிவிட்டது. அதுவும் வினா விடை எழுதிப் போடுவதில் கழிந்துவிடுகின்றது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. சட்டத்தால் பாடவேளையைத் தர இயலும். மொழியின் ஓசையை ஒரு குரல்தான் தர இயலும்.

அரபு உலகின் அனுபவம்

இதே சிக்கலை இன்னும் கூர்மையாக எதிர்கொள்ளும் மொழி அரபி. சார்ல்ஸ் ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் எடுத்துக்கொண்ட நான்கு மொழிச் சூழல்களுள் அரபியும் ஒன்று. வீட்டில் ஆம்மிய்யா எனும் பேச்சு வழக்கைப் பேசும் அரபுக் குழந்தை, பள்ளியில் ஃபுஸ்ஹா எனும் எழுத்து வழக்கைக் கிட்டத்தட்ட வேற்று மொழியாகவே சந்திக்கின்றது. ஃபுஸ்ஹாவில் எழுதப்பட்ட கதையைச் சிறு குழந்தைகளால் விளங்கிக்கொள்ள முடியாது, ஆகவே அவர்களுக்குப் பேச்சு வழக்கில் சொல்வதே முறை என்ற எண்ணம் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் ஊன்றியிருந்தது.

இவ்வெண்ணத்தைத் தீனா ஃபைட்டல்சன், ஜிஹாத் இராக்கி உள்ளிட்ட நால்வர் குழு சோதித்துப் பார்த்தது. அரபு மழலையர் வகுப்புகளில் ஐந்து மாதங்கள் எழுத்து வழக்கிலான கதைகள் வாசித்துக் காட்டப்பட்டன. 1993இல் வெளியான அவ்வாய்வின் முடிவு தெளிவானது. கதை கேட்ட குழந்தைகள், கேட்டதை விளங்கிக்கொள்வதிலும், படங்களைக் கொண்டு கதையைக் கோத்துச் சொல்வதிலும் ஏனைய குழந்தைகளை விஞ்சினர். "குழந்தைக்குப் புரியாது" என்ற பெரியவர்களின் பரிவே குழந்தையின் வழியை அடைத்துக்கொண்டிருந்தது என்று இதிலிருந்து கொள்ளலாம்.

ஆய்வுக்கூடத்திற்கு வெளியே இதனை ஒரு சமூகச் செயலாக்கியவர் ஜோர்தானைச் சேர்ந்த ரனா தஜானி. தொழிலால் மூலக்கூற்று உயிரியலாளர். அம்மானில் தம் குடியிருப்புப் பகுதியின் பள்ளிவாசலில், 2006ஆம் ஆண்டு சிறார்க்குக் கதைகளை உரக்க வாசித்துக் காட்டத் தொடங்கினார். "நாங்கள் வாசிப்பை நேசிக்கின்றோம்" எனும் பொருள்தரும் பெயரில் அது வளர்ந்து, பல நாடுகளுக்கும் அகதி முகாம்களுக்கும் பரவியது. 2017இல் யுனெஸ்கோவின் செஜோங் மன்னர் எழுத்தறிவுப் பரிசையும் பெற்றது. இதில் நம் கவனத்தை ஈர்க்கும் கூறுகள் இரண்டு. முதலாவது, இடம். ஒவ்வொரு குடியிருப்பிலும் ஏற்கெனவே உள்ள பள்ளிவாசலே வாசிப்புக் கூடமாயிற்று. புதிய கட்டடம் வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது, ஆள். பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள், பெரும்பாலும் அப்பகுதிப் பெண்களே, வாசிப்பவர்களாயினர். அங்கே பாடமில்லை, தேர்வில்லை; கதை வாசிக்கப்படுகின்றது, குழந்தைகள் கேட்கின்றனர். அவ்வளவே.

நம் மரபு அறிந்திருந்தது

இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது, அயல்நாட்டில் தோன்றிய புதுமை என்று வியக்கத் தோன்றும். தமிழ் முஸ்லிம்களைப் பொறுத்தவரை இது மறந்துபோன சொந்த வழக்கமாகும்.

நம் சொற்களையே நோக்குக. "ஓதுதல்" என்பதற்குக் கற்றல் என்றும் பொருள். உரக்க ஒலித்தல் என்றும் பொருள். "பிள்ளை ஓதப் போயிருக்கின்றது" என்று இன்றும் சொல்கின்றோம். "வாசித்தல்" நூலுக்கும் உரியது, நாகசுரத்துக்கும் உரியது. "படித்தல்" என்பதும் அவ்வாறே. பாட்டுப் படித்தல், பைத்துப் படித்தல் என்பன நம் ஊர்களின் வழக்கு. அரபியில் இறையருளிய முதற் சொல்லாகிய "இக்ரஃ" என்பதும் வாசிப்பையும் ஓதலையும் ஒருசேரச் சுட்டுவது. இச்சொற்கள் அனைத்திலும் வாசிப்பு என்பது ஒலியோடு கூடியதாகவே இருந்தது. மௌன வாசிப்பு பின்னர் வந்து சேர்ந்தது.

உமறுப் புலவரின் சீறாப்புராணம் மூன்று காண்டங்களும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களும் கொண்ட காப்பியம். அதைத் தனியே அமர்ந்து படித்தவர்கள் எக்காலத்திலும் சிலரே. ஆனால் எழுத்தறியாத மீனவரும் வணிகரும் வீட்டுப் பெண்டிரும் அதன் நிகழ்ச்சிகளை அறிந்திருந்தனர். காரணம், சீறா சபையில் வாசிக்கப்பட்டது. செய்யுளை இசையோடு படிப்பதும், அதன் பொருளைக் கேட்போர் விளங்கும் நடையில் விரித்துரைப்பதுமாக அமைந்தது அந்த வாசிப்பு. இதன் கல்வியியல் நுட்பம் எண்ணிப் பார்க்கத்தக்கது. கேட்போருக்காக நூலின் மொழியை எவரும் குறைக்கவில்லை. நூலின் மொழிக்காகக் கேட்போரை விலக்கவுமில்லை. உயர்ந்த வழக்கு முதலில் ஒலித்தது. அதற்குத் தோள்கொடுக்கப் பேச்சு வழக்கு பின்னே வந்தது.

காப்பியத்தோடு இது நின்றுவிடவில்லை. கிஸ்ஸாக்கள், மசலாக்கள், மாலைகள், படைப்போர்கள், முனாஜாத்துகள், தாலாட்டுகள் எனத் தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த சிற்றிலக்கிய வகைகளில் பெரும்பாலானவை வாய்விட்டுப் படிப்பதற்கென்றே அமைந்தவை. வினாவும் விடையுமாக நடக்கும் ஆயிரம் மசலாவை இரு குரல்களில் வாசித்தால் அது ஒரு நாடகமாகிவிடும். தமிழ் எழுத்தறியாத பெண்களும் அரபுத் தமிழ் நூல்களின் வழியே தமிழை வாசித்தனர். வாசிக்கத் தெரிந்த ஒருத்தியைச் சுற்றி அமர்ந்து மற்றவர்கள் கேட்டனர். நம் பாட்டிமாரிடம் பள்ளிச் சான்றிதழ் இல்லாமல் இருந்திருக்கலாம். செழுமையான தமிழ் இருந்தது. அது அவர்களுக்குச் செவி வழியே சேர்ந்த செல்வம்.

ஓர் எடுத்துக்காட்டு. சீறாவில் மானுக்குப் பிணை நின்ற படலம் என்றொரு பகுதி உண்டு. வேடனிடம் அகப்பட்ட பெண்மான், தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்பி வர அனுமதி வேண்டுகின்றது. அதற்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிணையாக நிற்கின்றார்கள். மான் சொன்ன சொல் தவறாது மீள்கின்றது. இந்நிகழ்ச்சியின் அறிவிப்பு ஆதாரம் குறித்து ஹதீஸ் கலை அறிஞரிடையே விவாதம் உண்டு. அது தனித்து ஆராய வேண்டியது. இங்கு நாம் நோக்குவது அதன் கதைத் தன்மையை. மான் திரும்பி வருமா என்று காத்திருக்கும் அந்த இடைவெளியில் எந்தக் குழந்தையும் எழுந்து ஓடாது. அவ்விடைவெளியில்தான் "பிணை", "கன்று", "வாக்கு" என்னும் சொற்கள் அகராதியின் துணையின்றி அதன் உள்ளத்தில் குடியேறுகின்றன.

இன்றைய முயற்சிகளின் நிறையும் குறையும்

அண்மைக்கால முயற்சிகளை இப்பின்னணியில் வைத்து மதிப்பிடுவோம். பெருந்தொற்றுக் காலத்தை அடுத்து 2021இல் தமிழக அரசு தொடங்கிய "இல்லம் தேடிக் கல்வி" தன்னார்வலர்களைக் குழந்தைகளின் தெருவுக்கே அனுப்பியது. 2023இல் பள்ளிக் கல்வித்துறை தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நிலைப்படுத்திய சிறு நூல்களை வழங்கியது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளம் தமிழ் உட்படப் பல மொழிகளில் படக் கதைகளைக் கட்டணமின்றித் தருகின்றது. இவை பாராட்டுக்குரியன. பாடநூலன்றி வேறு தமிழ் நூலைத் தொட்டறியாத ஏழைக் குழந்தையின் கையில் இவை வண்ணக் கதை நூலைச் சேர்த்திருக்கின்றன.

எனினும் இவற்றின் அடிப்படை நோக்கு குழந்தை தானே வாசிக்க வேண்டும் என்பது. ஆகவே வாக்கியங்கள் குறுகுகின்றன, சொற்கள் எளிமையாகின்றன. தானே வாசிக்கும் நூலுக்கு அது பொருத்தமே. ஆனால் குழந்தையின் செவி அதன் கண்ணைவிட நெடுந்தூரம் முன்னே செல்ல வல்லது. இரண்டாம் வகுப்புக் குழந்தையால் ஐந்தாம் வகுப்பு நூலை வாசிக்க இயலாது. நல்ல குரல் வாசித்தால் அதைக் கேட்டு அனுபவிக்க இயலும். வாசித்துக் காட்டுவதற்கான நூல், குழந்தை தானே வாசிக்கும் நூலைவிட ஒரு படியேனும் உயர்ந்திருக்க வேண்டும். இவ்வேறுபாட்டை உணராமல், எளிய நூலையே வாசிக்கவும் கேட்கவும் கொடுத்தால், குழந்தை தான் நிற்கும் படியிலேயே நின்றுவிடும். அத்தகைய தலைமுறையிலிருந்து உமறுப் புலவரை நோக்கி ஒருவரும் நடந்து வரப்போவதில்லை.

நம் சமுதாயத்துப் பதிப்பாளர்கள் மீதும் ஒரு குறை உண்டு. சிறார்க்கென நாம் வெளியிடும் இஸ்லாமியக் கதை நூல்கள் பல, அரபி அல்லது ஆங்கிலத்திலிருந்து அவசரமாகப் பெயர்க்கப்பட்டவை. அவற்றை உரக்க வாசித்துப் பார்த்தால் நாக்கு இடறுகின்றது. கதை முடியுமுன்பே நீதி எட்டிப் பார்க்கின்றது. முடிந்தபின் பயிற்சி வினாக்கள் அணிவகுக்கின்றன. நபிமார்களின் வரலாறுகளை விடச் சுவையான கதைகள் இல்லை என்று மேடையில் சொல்கின்றோம்; அவற்றைச் சுவையற்ற தமிழில் அச்சிடுகின்றோம். அச்சுக்குப் போகுமுன் அந்நூலை ஐந்து குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டி, எவ்விடத்தில் அவர்களின் கண்கள் அலைகின்றன என்று பார்த்தாலே பெரும்பாலான பிழைகள் புலப்பட்டுவிடும்.

எதிர்வாதங்கள் சில

பிள்ளைகளின் எதிர்காலத்துக்கு ஆங்கிலம் வேண்டும். தமிழுக்கு நேரம் எங்கே என்று பெற்றோர் கேட்கின்றனர். வளைகுடா நாடுகளில் உழைத்துக் குடும்பத்தைப் பேணும் சமூகத்தில் இக்கேள்வியின் பின்னே வாழ்க்கைப் பாடு இருக்கின்றது. அதை எள்ளி நகையாடுதல் தகாது. ஆயினும் நாம் வேண்டுவது நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடங்கள். நீண்ட வாக்கியத்தைக் கேட்டுப் பொருள் கொள்ளவும், நிகழ்ச்சிகளைக் கோத்து நினைவில் இருத்தவும் பழகிய குழந்தைக்கு அத்திறன் எம்மொழியிலும் கைகொடுக்கும்.

ஒலிப்பதிவுகளும் காணொளிகளும் இருக்கையில் வாசிப்பவர் எதற்கு என்பது அடுத்த கேள்வி. கடல் கடந்து வாழும் தந்தை தன் குரலில் கதையைப் பதிந்து அனுப்புவாரானால் அது மிக நன்று. ஆனால் பதிவு குழந்தையின் முகத்தைப் பார்ப்பதில்லை. புரியாத சொல்லில் நின்று, பேச்சு வழக்கில் அதைத் தொட்டுக் காட்டி, மீண்டும் நூலுக்குத் திரும்ப அதற்குத் தெரியாது. சீறா விரிவுரையாளர் செய்தது அதைத்தான்.

வட தமிழகத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர்ப் பகுதிகளில் வாழும் உருதுக் குடும்பங்களின் நிலை சற்று வேறானது. அவர்களின் வீட்டு மொழி உருது. அக்குழந்தைகளில் பலர் உருதுவைப் பேசுகின்றனர், நூலாக வாசிப்பதில்லை. இக்கட்டுரை தமிழுக்காகக் கோருவதை அவர்கள் உருதுவுக்காகவும் கோர உரிமையுடையவர்கள். ஒரே பள்ளிவாசல் முற்றத்தில் ஒருநாள் தமிழிலும் மறுநாள் உருதுவிலும் கதை ஒலித்தால் இரு சாராரும் செல்வம் பெறுவர்.

செய்யத்தக்கது

நம் ஊர்கள்தோறும் மக்தப்கள் இருக்கின்றன. பிள்ளைகள் நாள்தோறும் அங்கே கூடுகின்றனர். செவி வழிக் கல்வியின் ஆற்றலை நம்மைவிட நன்கு அறிந்த சமூகம் அரிது. ஒலியின் சிறு பிழையையும் பொறுக்காத தஜ்வீத் கலையையும், முழு வேதத்தையும் நெஞ்சில் தாங்கும் ஹாஃபிழ்களையும் நாம் பெற்றிருக்கின்றோம். அக்கவனத்தில் ஒரு சிறு பங்கைத் தமிழுக்கும் தருவது இயலாததன்று. ஓதல் முடிந்தபின் பதினைந்து நிமிடங்கள், நல்ல தமிழ்க் கதையொன்றை ஒருவர் வாசித்துக் காட்டலாம். ரமளானின் பின்மாலைப் பொழுதுகள் இதற்கு மிகவும் ஏற்றவை.

வாசிப்பவர் முன்கூட்டியே ஒருமுறை தமக்குள் வாசித்துப் பார்த்திருக்க வேண்டும். நூலில் உள்ளதை உள்ளவாறே வாசிக்க வேண்டும். விளக்கம் தேவைப்படும் இடத்தில் மட்டும் பேச்சு மொழிக்கு இறங்கி, உடனே நூலுக்குத் திரும்ப வேண்டும். கதை முடிந்ததும் வினாக் கேட்டல் வேண்டாம். நீதி உரைத்தலும் வேண்டாம். குழந்தை அதே கதையை மறுபடி கேட்டால் சலிப்பின்றி மறுபடி வாசிக்க வேண்டும். மொழி ஊறுவது அந்த மறு வாசிப்பில்தான். நம் ஊர்களில் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெண்கள் பலர் இதற்கு முற்றிலும் தகுதியானவர்கள். அம்மானில் பெண்கள் செய்ததைக் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கோட்டாற்றிலும் செய்ய இயலாதென்று யார் சொல்வர்?

தமிழ் முஸ்லிம் இலக்கியம் குறித்து மாநாடுகள் நடத்துகின்றோம். அரிய ஏடுகளை மறுபதிப்புச் செய்கின்றோம். அவை தேவையே. ஆனால் அந்நூல்களைத் திறந்து பார்க்கப் போகும் அடுத்த வாசகர், இன்று எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கும் குழந்தைகளிலிருந்துதான் வர வேண்டும். அச்சிறுமிக்கு அன்று நான் பாதிக் கதையைத்தான் வாசித்தேன். புறப்படும் அவசரத்தில் மீதியை விட்டுவந்தேன். மறுமுறை சென்றபோது, புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து என்னருகில் அமர்ந்தாள். விட்ட பக்கத்தில் அடையாளத்துக்காக ஒரு நூல் கயிறு வைக்கப்பட்டிருந்தது.